சாத்துக்குடித் தோல் கேட்டு வந்தவள்

"ஐயோ, அதைக் கொட்டாதீங்க!"

மாட்டுங்கா ஸ்டேஷன் அருகே, அடிக்கிற மழையில் ஓடிவந்தாள் ஜெபசெல்வி. சாத்துக்குடித் தோலைக் குப்பையில் கவிழ்க்கப்போன ஜூஸ் கடைக்காரன் ஜெயகணேஷ் நிமிர்ந்தான். இமையோரம் மழைத்துளி நிற்க, இரண்டு பெரிய கண்கள்... வாளி கையிலேயே நின்றது.

"இந்தக் கச்சராவ வச்சு என்ன செய்யப் போறிய? வீட்ல ஆடு வளக்கியளா?"

"ஆடு இல்ல, ஆராய்ச்சி!"

தாராவிப் பெண், கல்லூரியில் வேதியியல் ஆராய்ச்சி செய்கிறாள். தோலை உலர்த்திப் பொடித்து, ஆல்கஹாலில் ஊறவைத்து, வடிகட்டி, ஹெஸ்பெரிடின் என்ற பொருளைப் பிரித்தெடுக்க வேண்டும். ரத்தக் குழாய்களுக்கு நல்லதாம். அவன் வாளியோடு கொடுத்தனுப்பினான்.

அதன்பின் அவள் தினமும் வந்தாள். அவள் வேலை மிச்சமாகட்டுமென்று அவனே தோலைப் பொடியாக நறுக்கி வைத்தான். ஒருநாள் சாத்துக்குடி குறைவு. வெறும் பையோடு அவளை அனுப்ப மனம் வரவில்லை... எலுமிச்சைத் தோலையும் நறுக்கிக் கலந்துவிட்டான்.

சோதனையில் எல்லாம் தாறுமாறாக வந்தது. பல வார உழைப்பு பாழ். காரணம் தெரிந்ததும் கடை வாசலிலேயே வெடித்தாள்.

"தெரியாத வேலைல எதுக்குக் கைய வைக்கிறீங்க?"

வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் முகம் செத்துப்போனது.

"இனிமே தோல் கிடையாது. வேற கடை பாருங்க."

அவளும் ரோஷக்காரி. தாதரில் வேறு கடை பிடித்தாள். வேலை ஒழுங்காக நடந்தது. ஆனால் தோலை எடைபோடும்போதெல்லாம் அந்தச் செத்த முகமே முன்னால் வந்தது. எனக்காகத்தானே நறுக்கினான்... அத்தனை பேர் முன்னால் ஏன் கத்தினேன்?

கடைசியில் சின்னக் குப்பியில் வெளிர்மஞ்சள் பொடி சேர்ந்தது. துறையில் எல்லோரும் கைகுலுக்கினார்கள். அவளோ கொட்டும் மழையில் நேராக மாட்டுங்காவுக்கு வந்து, அவன் முன் குப்பியை வைத்தாள்.

"அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சிருங்க."

அவன் குப்பியைப் புரட்டிப் பார்த்தான்.

"என் தப்பும் இருக்கு. சொல்லாமக் கலந்துட்டேன்." கொஞ்சம் தயங்கினான். "தோல் எடுத்து வைக்கட்டுமா?"

"வேண்டாம். தாதர்லயே கிடைக்குது."

"அப்போ... இவ்வளவு மழையில எதுக்கு வந்திய?"

ஜெபசெல்வி அவனை நேராகப் பார்த்தாள்.

"உங்களப் பாக்கத்தான்... உங்களப் பிடிச்சிருக்கு."

மிக்ஸி சும்மாவே ஓடிக்கொண்டிருந்தது. அவன் அதை நிறுத்தினான்.

"இத நான்லா முதல்ல சொல்லணும்னு இருந்தேன்..." என்றான், காதுவரை சிவந்து.