அவள் பெயரில் ஏறிய சர்க்கரை

அடுக்களைச் சுவரில் பதித்திருந்த அளவுக்கலம் வழக்கம்போலக் காலையில் இரண்டு தட்டுகளை நிரப்பியது. கவின்குமாருக்கு நான்கு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் வந்தன. கேட்டால் ஐந்தாவது இட்லியும் வரும். நறுமுகைக்குக் கொள்ளும் கீரையும் அரைத்துச் சேர்த்த அடை ஒன்று. இரண்டாவது கேட்டால் கலம் மூடிக்கொள்ளும். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் ஒரே மேசையில் இப்படித்தான் சாப்பிட்டார்கள். திருப்பூரில் பாதி வீடுகளில் இதுதான் வழக்கம்.

குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் மரபணுக்களைப் படித்து, இடுப்புக் கொழுப்பும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஒன்றாக ஏறும் வாய்ப்பு எவ்வளவு என்று கணித்து, நலத்தொகுப்பு என்ற சுகாதார அமைப்பு ஒரு மரபுத்தரம் கொடுத்துவிடும். அளவுக்கலம் தட்டை நிரப்புவதும் அந்தத் தரத்தின்படிதான். கவின் முதல் தரம். உனக்கு ஒன்றும் வராது என்று சொல்லிச் சொல்லியே வளர்க்கப்பட்டவன். பின்னலாடை ஆலையில் திரை முன் உட்கார்ந்து எந்திரங்களைக் கண்காணிப்பது அவன் வேலை. நறுமுகை நான்காம் தரம். நோயின் அறிகுறிகளை அவளுக்குப் பள்ளியிலேயே பாடமாக வைத்திருந்தார்கள். நான்காம் தரத்துப் பெண் பிள்ளை பெற வேண்டுமானால் ஐந்து ஆண்டுகள் சர்க்கரை ஏறாமல் இருந்து காட்டி, பேறு அனுமதி வாங்க வேண்டும். அவளுக்கு அதில் இன்னும் நான்கு மாதங்கள்தான் பாக்கி.

அந்த ஆவணியில் கவின் இளைக்கத் தொடங்கினான். சாப்பாடு குறையவில்லை. செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தான். செருப்பு கடித்த புண் ஒன்று இடது பாதத்தில் ஆறாமல் கிடந்து, ஓரம் கறுக்க ஆரம்பித்தது. நறுமுகைக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. நம்பத்தான் முடியவில்லை.

நலநிலையத்துக்கு அவனை அழைத்துப் போனாள். அங்கிருந்த பெண் தரத்தைப் பார்த்துவிட்டு, முதல் தரத்தாருக்கு நாற்பத்தைந்து வயதில்தான் ரத்தப் பரிசோதனை என்றாள். முன்கூட்டியே வேண்டுமானால் விண்ணப்பிக்கலாம், எட்டு மாதம் ஆகும் என்றாள். புண்ணுக்குக் களிம்பு கொடுத்தாள். மருந்துக் கடைகள் எல்லாம் நலத்தொகுப்பின் கைக்குப் போய் நீண்ட காலமாகியிருந்ததால் வெளியில் கேட்கவும் வழியில்லை.

வீட்டுக்கு வந்ததும் நறுமுகை தன் விரல்மானியை எடுத்தாள். நான்காம் தரத்தார் வாரந்தோறும் சர்க்கரையை அளக்கும் கருவி அது. திறப்பதற்கு உரியவரின் ரேகை போதும். ரத்தம் யாருடையது என்று அது பார்ப்பதில்லை. தன் விரலால் திறந்து, கவினின் விரலைக் குத்தி ஒரு துளி வைத்தாள். முந்நூற்று எண்பது என்று காட்டியது. உடனே அவள் பெயருக்குச் செய்தி வந்தது. இன்னும் இரண்டு நாள் காலையில் சோதித்து உறுதி செய்தால் மருந்து வீட்டுக்கு வரும், செய்யாவிட்டால் இது கருவிப் பிழையாகக் கொள்ளப்படும் என்று.

கவினும் அதைப் படித்தான்.

"இத்தோட விட்ரு," என்றான். "கருவிப் பிழைன்னே போகட்டும். நான் எழுதிப் போட்டுட்டுக் காத்திருக்கறேன்."

"எட்டு மாசத்துக்குக் காலு இருக்குமாங்க?"

மறுநாள் காலை அவள் விரல்மானியோடு வந்து நின்றபோது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். அவள் நின்றபடியே இருந்தாள். ஆலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கடைசியில் அவனே கையை நீட்டினான்.

மூன்றாம் நாள் மருத்துவர் திரையில் வந்தார். வயதானவர், கனிவாகப் பேசினார். நறுமுகையின் கோப்பைப் பார்த்துவிட்டு, "உங்க தரத்துக்கு இது எதிர்பார்த்ததுதாம்மா. இத்தனை வருஷம் தள்ளிப் போட்டதே பெரிசு," என்றார். பேறு அனுமதி இனிக் கிடைக்காது என்பதையும் அதே குரலில் சொன்னார். அவள் நன்றி சொல்லித் திரையை அணைத்தாள்.

அவள் பெயருக்கு வந்த மாத்திரைகளைக் கவின் விழுங்கினான். வாரச் சோதனைக்கும் அவன் ரத்தமே போனது. அளவுக்கலம் அவளுடைய தட்டை இன்னும் சுருக்கியது. அவள் அதை அவன் பக்கம் தள்ளிவிட்டு அவனுடைய இட்லிகளைத் தின்றாள். இட்லி இவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. ஐப்பசிக்குள் புண் மூடிக்கொண்டது.

கார்த்திகையில் அவன் மறுபடி அடிக்கடி தண்ணீர் குடிப்பதை அவள் கவனித்தாள். அலமாரியில் தேடியபோது விழுங்காத மாத்திரைகள் ஒரு துணிப்பையில் கிடந்தன. அவன் வேலை முடிந்து வந்ததும் பையை மேசையில் வைத்தாள்.

"மாத்திரை போட்டா சோதனைல எனக்கு ஒண்ணுமே இல்லைன்னுதான் வரும்," என்றான் கவின். "நல்லா ஏறட்டும். நலநிலையத்துல போய், சோதிக்கற வரைக்கும் உக்காந்துக்கறேன். சீக்காளி நாந்தான்னு தெரிஞ்சா உன்ற பேரு சுத்தமாயிரும். அனுமதி குடுத்துத்தான ஆகணும்?"

"அதுக்குள்ள உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆனா ஆகட்டும். உனக்குக் கொழந்தைன்னா எத்தனை ஆசைன்னு எனக்குத் தெரியாதா?"

நறுமுகை ஒரு மாத்திரையை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஆசைதானுங்க. ஆனா அதுக்கு அப்பன் நீங்களா இருக்கோணும்னுதான் ஆசைப்பட்டேன்," என்றாள்.

கவின் செம்பில் தண்ணீர் மொண்டு வந்தான். மாத்திரையை விழுங்கினான். அன்றைக்குப் பிறகு இருவரும் குழந்தையைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்த சித்திரையில் நலத்தொகுப்பு தன் ஆண்டுக் கணக்கை வெளியிட்டது. மரபுத்தரக் கணிப்பு முன் எப்போதையும்விடச் சரியாகப் பலித்திருப்பதாகவும், நான்காம் தரத்தில் எதிர்பார்த்தபடியே நோய் வந்திருப்பதாகவும், முதல் தரத்தில் அநேகமாக யாருக்கும் வரவில்லை என்றும் அதில் இருந்தது. எனவே முதல் தரத்தாரின் முதல் ரத்தப் பரிசோதனை ஐம்பத்தைந்து வயதுக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

கவின் அதை ஆலையில் இருந்தபடி வாசித்தான். தங்களைப் போல ஒருவர் சர்க்கரையை இன்னொருவர் பெயரில் ஏற்றிய வீடுகள் இன்னும் எத்தனை இருக்கும் என்று யோசித்தான். வீட்டுக்கு வந்து நறுமுகை எடுத்துவைத்திருந்த மாத்திரையை விழுங்கினான்.