டா நாங்கில் ரெண்டு பந்தி

அன்புமொழிக்குப் பசியில் காது அடைத்தது. இரண்டு நாளாக அவள் வயிற்றுக்குள் போனவை நாலு ரொட்டித் துண்டும் மூன்று வாழைப்பழமும்தான். வியட்நாம் சாப்பாட்டின் மேல் குற்றமில்லை. அந்த ஊர்க்காரர்கள் அதை ருசித்துத்தான் சாப்பிட்டார்கள். இவள் வயிறுதான் ‘சோறு எங்கே, குழம்பு எங்கே’ என்று முரண்டு பிடித்தது.

அவள் அப்பா கண்ணுசாமி கந்தர்வக்கோட்டையில் பெயிண்டர். பெயிண்ட் டப்பாவுக்குள் கிடக்கும் டோக்கன்களைச் சேர்த்தால் குடும்பத்தோடு வெளிநாட்டுச் சுற்றுலா என்று கம்பெனி அறிவித்திருந்தது. இரண்டு வருடம் சாரத்தில் ஏறி, சுவரில் பூசிய பட்டியைத் தேய்த்த தூசியைத் தின்று, அப்பா டோக்கன் சேர்த்தார். அவரைப் போலச் சேர்த்தவர்களும் அவர்கள் குடும்பங்களுமாக முப்பத்தெட்டுப் பேர். எல்லாரும் புதுக்கோட்டை மாவட்டம்.

இன்று கடைசி நாள். டா நாங் நகரத்தில், ஒரு சின்ன இந்திய உணவகத்தின் முன்னால் பஸ் நின்றது.

“இப்ப மணி பன்னெண்டே முக்கால். ஒன்னரைக்கு பஸ் கெளம்பிரும். ஒரு நிமிஷம் தப்புனாலும் ஃப்ளைட் போயிரும்,” என்றார், கூட்டிவந்த கம்பெனிக்காரர் வசந்த்.

உள்ளே நுழைந்ததும் சாம்பார் வாசனை. அம்மா மணிமேகலை கண்ணை மூடிக்கொண்டு அதை இழுத்து மூச்சுவிட்டாள்.

“வாங்க வாங்க! நம்மூரு ஆளுகளா? நானும் புதுக்கோட்டை பக்கத்துக் கொளத்தூருதாங்க!” என்று ஓடி வந்தார் கடைக்கார ஷர்லி அக்கா.

அவருக்குக் கிடைத்த முதல் பெரிய கூட்டம் இது. நல்லபடியாக நடந்தால் மாதா மாதம் ஆட்களை அழைத்து வருவதாக வசந்த் சொல்லியிருந்தார். இன்றைக்கென்று பார்த்து, பரிமாறும் இரண்டு பேரும் மழைத்தண்ணீரில் எங்கோ மாட்டிக்கொண்டார்கள். ஷர்லி அக்காவும், லான் என்ற வியட்நாம் பெண்ணும் மட்டும்தான் இருந்தார்கள்.

ஷர்லி அக்கா மெனு அட்டையை நீட்டினார். அங்கேதான் பிடித்தது சனி. ஒருவர் நெய் தோசை என்றார். ஒருவர் பரோட்டா என்றார். மூலையிலிருந்து ஒரு குரல், “கம்பங்கூழு கெடைக்குமா?” என்றது.

கால் மணி நேரம் ஆயிற்று. வந்தது இரண்டு தோசை.

“ரெண்டு தோசைக்குக் கா மணி நேரமா? இப்பிடியே போனா நம்ம பேரப்புள்ளைகதான் சாப்புடும்,” என்றார் தங்கமுத்து மாமா. திருமயத்துக்காரர். வாய் பெரிது.

அன்புமொழி எழுந்து சமையலறையை எட்டிப் பார்த்தாள். அண்டா நிறையச் சோறு. சாம்பார், கோழிக்குழம்பு, முட்டைக்கோஸ் பொரியல், ரசம், ஒரு கூடை அப்பளம் எல்லாம் தயாராக இருந்தன. ஷர்லி அக்கா தோசைக்கல் முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, இம்புட்டுச் சோறு இருக்கே!”

“ஒங்களுக்காக ஆக்குனதுதாம்மா. வெளிநாட்டுக்கு வந்த ஆளுகளாச்சே, மெனு குடுத்தாத்தான் மருவாதின்னு நெனச்சேன். அது தப்பாப் போச்சு. தட்டும் பதினாலுதான் இருக்கு. யாரு கழுவுறது, யாரு போடுறது?”

“மொதல்ல தோசைக்கல்லு அடுப்ப அணைங்க,” என்றாள் அன்புமொழி.

வெளியே வந்து ஒரு நாற்காலி மேல் ஏறி நின்றாள்.  

“எல்லாரும் கேளுங்க! சோறு, கொழம்பு எல்லாம் ரெடி. எடுத்துப் போடத்தான் ஆளில்ல. நாமளே போட்டுக்குவோம்!”

“ஏம்புள்ள, ஏரோப்பிளேன் ஏறி வந்தது வாளி தூக்கவா?” என்றார் தங்கமுத்து மாமா. “நாங்க விருந்தாளிக. எந்திரிக்க மாட்டோம்.”

“அதானே!” என்றன நாலைந்து குரல்கள்.

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. ஊரில் பந்தியில் உட்கார்ந்தவர் வாளியைத் தொட மாட்டார். அது விருந்து வைக்கிற வீட்டுக்காரர் வேலை. இங்கேயோ எல்லாரும் விருந்தாளி. வீட்டுக்காரர் என்று ஒருவருமில்லை.

அப்படியானால் ஒரு வீட்டை உண்டாக்க வேண்டியதுதான்.

“சரி! வாசப்பக்கம் இருக்கவங்க மாப்பிள்ள வீடு. சொவத்துப்பக்கம் இருக்கவங்க பொண்ணு வீடு. மொதப் பந்தி மாப்பிள்ள வீட்டுக்கு. பொண்ணு வீடுதான் பரிமாறணும். ரெண்டாம் பந்திக்கு மாத்திக்கலாம்.”

 யாரோ குபீரென்று சிரித்தார்கள்.

“நான் எந்த வீடு?” என்று முறைத்தார் தங்கமுத்து மாமா.

“பொண்ணு வீடு. நீங்கதான் தாய்மாமன்.”

“அட இவளே!” மாமா பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டார். “தாய்மாமன்னு சொன்ன பெறகு உக்காந்திருந்தாக் கேவலமுல்ல? எங்க அந்தச் சோத்து அண்டா?”

அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேசைகள் நீளமாக ஒட்டிக்கொண்டன. லான் பக்கத்துக் கடைக்கு ஓடி, ஒரு கட்டு வாழை இலை வாங்கிவந்தாள். அந்த ஊரில் பலகாரம் மடிக்கிற இலை. அவள் நுனியை வலப்பக்கம் வைத்துப் போட, அன்புமொழி ஒன்றைத் திருப்பிக் காட்டினாள். லான் தலையாட்டிவிட்டு மீதியை மளமளவென்று சரியாகப் போட்டாள்.

ஆளுக்கு ஒரு பாத்திரம். பத்து மணி நேரம் பிரஷ் பிடிக்கிற கைகள் அவை. ஒரு சொட்டு சிந்தவில்லை.

“மொதக் கோட்டு சாம்பாரு! ரெண்டாவது கோட்டு ரசம்!” என்று கூவிக்கொண்டே போனார் அப்பா.

“எனக்கு ஒடஞ்ச அப்பளம் போட்டுட்டாக! கல்யாணத்த நிப்பாட்டுங்க!” என்று மாப்பிள்ளை வீட்டில் ஒரு சத்தம்.

“நிப்பாட்டுனா கோழிக்கொழம்பு வராது,” என்றாள் அம்மா.

“அப்ப நடக்கட்டும், நடக்கட்டும்.”

மணி ஒன்று பதினாலுக்கு முதல் பந்தி எழுந்தது. மாப்பிள்ளை வீடு பாத்திரத்தைப் பிடித்தது, பொண்ணு வீடு உட்கார்ந்தது. “ஓரத்துல ஒருத்தருக்குப் பொரியல் வரல, பாருங்க!” என்று ஷர்லி அக்கா, சொந்தத் தங்கை கல்யாணத்தில் நிற்பவர் போல அதட்டிக்கொண்டு நின்றார். இப்போது அவர் கண்ணில் தண்ணீர் இல்லை, சிரிப்பு இருந்தது.

ஒன்று இருபத்தேழுக்குக் கடைசி இலை மடங்கியது. முப்பத்தெட்டுப் பேர் ஏப்பம் விட்டபடி பஸ்ஸை நோக்கி நடந்தார்கள்.

முப்பத்தெட்டா? இல்லை, முப்பத்தேழு.

இரண்டு பந்திக்கும் தண்ணீர் ஊற்றிய அன்புமொழி, உட்காரவே இல்லை. அதை ஷர்லி அக்காதான் கவனித்தார்.

“அடியே, நீ சாப்புட்டியா?”

அன்புமொழி வாயைத் திறப்பதற்குள் வயிறு உறுமிப் பதில் சொன்னது.

வசந்த் விசில் ஊதினார். ஷர்லி அக்கா தன்னுடைய எவர்சில்வர் தூக்குச்சட்டியை எடுத்தார். சோறு, அதன் மேல் கோழிக்குழம்பு, அதற்கும் மேல் இரண்டு கோழிக்கால், உடையாத அப்பளம். அழுத்தி மூடிக் கையில் கொடுத்தார்.

“ஓடு!”

“அடுத்த மாசம் நாப்பது பேரு, ஷர்லி மேடம்,” என்று படியில் தொங்கியபடி கத்தினார் வசந்த். “பொண்ணு வீட்டுக்கு ஆள் சேத்து வைங்க!”

பஸ் கிளம்பியது. அன்புமொழி தூக்கைத் திறந்தாள். முதல் கவளம் உள்ளே போனபோது பஸ்ஸே கைதட்டியது. தங்கமுத்து மாமா எட்டிப் பார்த்து, “தாய்மாமனுக்கு ஒரு கால் தர மாட்டியா?” என்றார்.

“தாய்மாமன்தான் சீரு செய்யணும் மாமா,” என்றாள் வாய் நிறையச் சோற்றோடு.

தூக்கு கந்தர்வக்கோட்டைக்கு வந்துவிட்டது. அம்மா அதைத் துலக்கி அலமாரியில் கவிழ்த்து வைத்திருக்கிறாள். வாங்கிய ஏனத்தை இந்த ஊரில் யாரும் வெறுமையாகத் திருப்புவதில்லை.

குளத்தூர் ஷர்லி அக்காவுக்கு ஒரு எவர்சில்வர் தூக்கு, அது நிறைய வறுத்த முந்திரிப்பருப்பு. அன்புமொழி கொடுக்க வேண்டியது, இன்னும் பாக்கி.