மைனஸ் ஆறு

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் நிற்கும் மனைவி சியாமளாவே தாமோதரனுக்கு வெறும் புகைமூட்டம். மைனஸ் ஆறு. ஆனால் அன்று மாலை அதைக் கழற்றியபோது, பக்கத்துச் சிற்பப் பட்டறையில் நின்ற அம்மன் சிலையின் இரண்டு கண்கள் மட்டும் பளிச்சென்று தெரிந்தன. முகம் இல்லை, உடம்பு இல்லை, கண்கள் மட்டும்.

அன்று காலைதான் அவற்றைத் திறந்திருந்தார்கள். சிலையின் முதல் பார்வை எதிரில் வைத்த நிலைக்கண்ணாடியில் விழவேண்டும், மனிதர் மேல் விழக்கூடாது என்பது மாமல்லபுரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தாமோதரன் வேண்டுமென்றே குறுக்கே போய் நின்றார். அணு ஆராய்ச்சி நிலையத்தின் கணக்குப் பிரிவில் உட்கார்ந்தே தன்னை விஞ்ஞானி என்று நம்பிவிட்ட மனிதர்.

"சார், ஓரமா போ. கண்ணு தொறந்துகினு கீறோம்," என்றார் சிற்பி வரதன்.

"கல்லுக்குப் பவர் எவ்வளவுய்யா? மைனஸா, ப்ளஸ்ஸா?"

வரதன் உளியைக் கீழே வைத்தார். திறந்து முடிந்திருந்தது.

அதன்பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றும்போதெல்லாம் அந்தக் கண்கள் கிட்டே வந்திருந்தன. கொல்லைச் சுவரோரம் நின்றவை ஒருநாள் கட்டிலின் கால்மாட்டுக்கே வந்துவிட்டன, ஈரக் கல்தூசி வாசனையோடு. தாமோதரனுக்கு உள்ளூர உதறல்தான். வெளியே மட்டும், எல்லாம் பார்வைக் கோளாறு, லேசர் செய்தால் தொலைந்தது என்றார்.

செங்கல்பட்டுக் கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவுக்கே பாடம் எடுத்தார். கருவிழியில் மூடிபோல வெட்டித் திறப்பது கசாப்புக்கடை வேலையாம். மேல்தோலைச் சுரண்டுவது ஏழைகளுக்காம். சிறு துளைபோட்டு உள்சதையை உருவும் புது முறைதான் அவர் தகுதிக்கு ஏற்றதாம்.

"உங்க கருவிழி மெலிசு சார். சுரண்டுறதுதான் உங்களுக்குச் சரிவரும்."

மூஞ்சியைச் சுளித்துக்கொண்டே படுத்தார். இமைகளை விரித்துக் கம்பி மாட்டினார்கள். பச்சை விளக்கைப் பார்க்கச் சொன்னார்கள். விளக்குக்குப் பின்னால் அந்தக் கண்கள், ஒரு சாண் தூரத்தில். பிறகு அவை இல்லை. விட்டது சனியன் என்று நினைத்தார்.

ஒரு வாரம் மங்கலாகத்தான் இருக்கும் என்றிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததுமே சியாமளாவின் புருவ முடி ஒவ்வொன்றும் தெரிந்தது. மடப் பயல்கள், என்றார்.

"மருந்து விடணும். கண்ணை மூடித் திறங்க," என்றாள் அவள்.

மூடினார். மூடவில்லை. மறுபடி முயன்றார். இமை அசையவில்லை.

சொட்டு விழுந்தது. தெறித்துக் கன்னத்தில் ஓடியது. சியாமளா விரல்நுனியால் இமையைத் தொட்டாள். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"கல்லாட்டம் இருக்குதுங்க."

அவர் முகத்தில் துண்டைப் போர்த்தினாள்.

துண்டு வழியாகவும் தெரிந்தது. பின்வாங்கும் சியாமளா. சேலைக்குள் விலா எலும்புகள். அதற்குள் பதறித் துடிக்கும் இதயம். அதையும் தாண்டி, சுவருக்கு அப்பால், இருண்டுகொண்டிருக்கும் கடல். அதன் அடியில், மூழ்கிய கோயில்களிலிருந்து எழுந்து நின்று அவரையே பார்க்கும் எண்ணற்ற கல் கண்கள்.