ஊதுவத்தி அணையும் முன்

மைக்கட்டியை எவ்வளவு தேய்த்தும் மை கறுக்கவில்லை. மைக்கல்லில் வெளிறிய ஈரம் மட்டுமே ஊறிக்கொண்டிருந்தது. யுன் எழுதிய எழுத்துகள் தாளிலேயே கரைந்தன. ஊதுவத்தி அணைந்தது.

"போன வருஷம் முந்திக்கிட்டீரு, யுன். இந்த வருஷம் தீவுல உக்காந்து காத்து வாங்கும்," என்றார் மன்னர். மண்டபமே சிரித்தது.

தோட்டத்து மண்டபத்தில் ஆண்டுதோறும் நடக்கும் விளையாட்டுதான். ஊதுவத்தி அணையும் முன் கவிதை முடிக்காதவனைக் குளத்து நடுவிலுள்ள தீவுக்கு 'நாடு கடத்துவார்கள்'. முதலிடம் பெற்றவன்தான் படகோட்டிப் போய் அவனை மீட்டு வர வேண்டும். வேறு யாரும் போகக் கூடாது.

சென்ற ஆண்டு முதலிடம் யுன்னுக்கு. தீவில் இருந்தவன் அவன் நண்பன் ஆன் கியோம். புகழும் மதுவும் தலைக்கேற, யுன் படகை மறந்து வீட்டுக்குப் போய்விட்டான். மறுநாள் காலை கியோமின் உடலைத் தாமரைத் தண்டுகளுக்கு நடுவிலிருந்து இழுத்தெடுத்தார்கள். கால் தவறியிருக்கும் என்றார்கள் எல்லோரும். யுன்னும் அதையே சொன்னான்.

இப்போது இரண்டு பாய் அகலமே உள்ள அந்த மண்ணில், ஒற்றைப் பைன் மரத்தடியில் அவன் உட்கார்ந்திருந்தான். மேகம் தாழ்ந்த பிற்பகல். அழுகிய தண்டுகளின் நாற்றமும், மண்டபத்திலிருந்து மிதந்து வந்த சிரிப்பும், எங்கோ மிக அருகில் நனைந்த துணி சொட்டுவது போன்ற ஓசையும் மாறி மாறி வந்தன. அவனுக்கு நீச்சல் தெரியாது. யாராவது சீக்கிரம் ஜெயித்துத் தொலைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டான்.

சிரிப்பு நின்றது. அரண்மனைப் பணியாள் வென்ற கவிதையை உரக்கப் படித்தான். நீருக்கடியில் ஓராண்டு காத்திருப்பவனைப் பற்றிய கவிதை. யுன் மரத்தைப் பிடித்து எழுந்தான்.

"முதலிடம், ஆன் கியோம்."

யாரும் திடுக்கிடவில்லை. மன்னர் தலையசைத்தார். கைதட்டினார்கள்.

யுன் கத்தினான். ஒருவரும் திரும்பவில்லை.

படகு புறப்பட்டது. படகோட்டி நின்றபடி கழி ஊன்றினான். அகன்ற தொப்பி முகத்தை மறைத்தது. சட்டைக் கைகளிலிருந்து நீர் வழிந்தது. நிற்காமல் வழிந்தது.

யுன் பின்வாங்கினான். முதுகில் மரம். அதற்குப் பின்னால் தண்ணீர்.

படகு கரையில் முட்டியது. அதன் விளிம்பு வரை கறுத்த குளத்து நீர் நிரம்பியிருந்தது. தாமரைத் தண்டுகள் உள்ளே அசைந்தன. ஆனாலும் அது மூழ்கவில்லை. முழங்கால் வரை அந்த நீரில் நின்றவன் வெளுத்து ஊறிய கையை நீட்டினான்.

"நான் மறக்கலடா. ஏறு."

மண்டபத்தில் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.