இரண்டாம் மனுதாரரின் வாக்குமூலம்

செவ்வூர்க் குடும்ப நீதிமன்றத்துக்குள் போகிறவர்கள் வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு, பக்கத்துக் கிண்ணத்திலிருந்து ஒரு மெய்யுணரியை எடுத்துக் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ள வேண்டும். மிளகளவுதான் இருக்கும். நரம்பின் துடிப்பைப் படித்து, சொல்வது மெய்யென்றால் பச்சையாகவும் பொய்யென்றால் சிவப்பாகவும் எரியும். செவ்வாய்க் கோளில் குடியேறிய மூன்றாம் தலைமுறைக்கு அதில் வியப்பு எதுவும் இல்லை. வந்தவர்கள் ஒட்டிக்கொண்டு, வரிசையில் நின்று, கொட்டாவி விட்டார்கள்.

குயிலிக்குக் கொட்டாவி வரவில்லை. பூமிக் கணக்கில் அவளுக்கு முப்பத்தெட்டு வயது. தூத்துக்குடியிலிருந்து பத்தொன்பது வயதில் வந்தவள், காற்றுச் சுத்திகரிப்பு நிலையத்தில் மேற்பார்வையாளர். இந்த எடை குறைந்த வாழ்க்கையில் எலும்பு தேய்ந்துகொண்டே போகிறது, நாற்பதைத் தாண்டினால் பூமியின் எடையை உடம்பு தாங்காது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். பூமிக்குக் கப்பல் இருபத்தாறு மாதத்துக்கு ஒருமுறைதான். அடுத்ததை விட்டால் பிறகு போகவே முடியாது. ஆனால் மணமானவர்களைக் குடியிருப்பு நிர்வாகம் தனியாக அனுப்பாது. கணவன் திருமாறனோ இங்கேயே பிறந்தவன், பனிச்சுரங்கத்தில் வேலை. பூமியில் அவனால் எழுந்து நிற்கக்கூட முடியாது.

ஆகவே மணமுறிவு. கேட்டபோது அவன் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துவிட்டுச் சரி என்றான். சண்டை இல்லை, ஏன் என்ற கேள்வி இல்லை. அங்கேதான் அவளுக்குச் சந்தேகம் முளைத்தது.

வழக்கறிஞர் பாத்திமுத்து நடைமுறையைப் பொறுமையாக விளக்கினார். இருவரும் சேர்ந்து மனுப் போட வேண்டும். முதல் விசாரணையில் யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று மட்டும் கேட்பார்கள். பிறகு அரை ஆண்டு காத்திருப்பு. அந்தச் சட்டம் பூமியிலிருந்து அப்படியே கொண்டுவரப்பட்டது. செவ்வாயின் ஆண்டு நீளமானது என்பதால் காத்திருப்பும் பதினொரு மாதத்துக்கு மேல் நீண்டுவிட்டது. அது முடிந்ததும் இரண்டாம் விசாரணை, தீர்ப்பு. நாள் கணக்குப் பார்த்தால் கப்பல் புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பு தீர்ப்பு வந்துவிடும். அதை நம்பி ஓர் இருக்கையை அவளுக்காக ஒதுக்கி வைத்தார்கள்.

"நடுவுல அவர் மனசு மாறினா?" என்று குயிலி கேட்டாள்.

"தீர்ப்பு சொல்ற நிமிஷம் வரைக்கும் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம்மா. ரெண்டு பேருக்கும் அந்த உரிமை உண்டு. காரணம்கூடச் சொல்ல வேண்டாம்."

அந்தப் பதில் அவள் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

முதல் விசாரணை ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அன்று மாலையே ஒருவருடைய வாக்குமூலம் மற்றவரின் மின்பலகைக்கு வந்து சேர்ந்தது. அவனுடையது நாற்பது பக்கம். கடைசியில் 'முழுவதும் படித்துப் புரிந்துகொண்டேன்' என்ற கட்டம். என்னைப் பற்றி இவன் என்ன எழுதியிருப்பான் என்று எனக்குத் தெரியாதா என்று எண்ணியபடி குயிலி கட்டத்தைத் தொட்டுவிட்டு, நிலையத்துக் காற்றுக் குழாயின் அழுத்தமானியைப் பார்க்கப் போனாள்.

காத்திருக்கும் காலத்தில் பிரிந்து வாழ வேண்டும். அவர்கள் குடியிருந்த காற்றடைத்த கவிகைக்கூடத்தில் வேறு அறை ஏது? நீதிமன்றப் பணியாள் வந்து, இருந்த ஒரே அறையின் நடுவில் பிரிவுத்திரை கட்டிவிட்டுப் போனார். சாளரம் இருந்த பக்கத்தைத் திருமாறன் அவளுக்கே விட்டுக்கொடுத்தான். அதையும் அவள் சந்தேகத்தோடுதான் பார்த்தாள்.

சில நாளில் முணுமுணுப்பு தொடங்கியது. சுரங்கத்திலிருந்து வந்து கைகால் கழுவியதும் அவன் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, தணிந்த குரலில் எதையோ சொல்லிக்கொண்டிருந்தான். அவள் மூச்சை அடக்கிக் கேட்டாள். "முதல் மனுதாரர்" என்ற சொல் காதில் விழுந்தது. முதல் மனுதாரர் அவள்தான். இன்னொரு நாள் "அலட்சியம்" என்றான்.  ஒருநாள் பொறுக்கமாட்டாமல் திரையை விலக்கினாள். அவன் சட்டென்று பலகையை மடியில் கவிழ்த்துக்கொண்டான்.

"என்ன வேணும்?"

"தண்ணிக் குழாய் சத்தம் கேட்டுச்சு."

"இங்க ஒண்ணும் இல்லையே" என்றான் அவன். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. கடைசி நாளில் வாபஸ் வாங்குவதற்கு யாரோ இவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார்கள், இவன் ஒப்பித்துப் பார்க்கிறான் என்று முடிவு கட்டினாள். பாத்திமுத்துவும் இல்லையென்று சொல்லவில்லை. அவர் தொழிலில் அப்படிப் பலரைப் பார்த்திருந்தார்.

இரண்டாம் விசாரணைக்கு இருவரும் ஒரே ஊர்தியில்தான் போனார்கள். மேடையில் நீதிப்பொறி இருந்தது. முகம் இல்லாத சாம்பல் நிறப் பெட்டி அது, குரல் மட்டும் இதமானது. சம்மதம் இன்னும் இருக்கிறதா என்று முதலில் திருமாறனைத்தான் கேட்டது. குயிலி அவன் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கு" என்றான். பச்சை.

அவளும் இருக்கிறது என்றாள். பச்சை. பதினொரு மாதப் பயம் கரைந்தது.

"மற்றவரின் வாக்குமூலத்தைப் படித்தீர்களா?" என்று நீதிப்பொறி கேட்டது.

"படிச்சேன். தினமும் கொஞ்சம். சில இடம் புரியல, அதனால வாய்விட்டுப் படிச்சேன்" என்றான் திருமாறன். பச்சை.

குயிலிக்கு முணுமுணுப்பின் பொருள் அப்போதுதான் விளங்கியது. அது விளங்கிக்கொண்டிருக்கும்போதே அவள் முறை வந்துவிட்டது. "படிச்சேன்" என்றாள். தன் தோளில் சிவப்பு ஒளி விழுவதை அவளே பார்த்தாள்.

எதற்குச் சம்மதிக்கிறோம் என்று அறியாதவரின் சம்மதம் சட்டத்தின் கண்ணில் சம்மதம் ஆகாது என்று நீதிப்பொறி வருத்தத்தோடு தெரிவித்தது. மனு தள்ளுபடி. விரும்பினால் புதிதாகத் தொடங்கலாம், மறுபடியும் அரை ஆண்டு. வெளியே வந்ததும் பாத்திமுத்து தலையைக் கவிழ்த்துக்கொண்டார். இந்தக் கேள்வியைப் போன மாதம்தான் சேர்த்தார்களாம். சுற்றறிக்கை வந்ததாம், எண்பது பக்கமாம், அவர் அதைத் திறந்து பார்க்கவில்லையாம். அந்த நாற்பது பக்கத்தை அவரும் படித்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து குயிலி பலகையை எடுத்தாள். அவன் எழுதிய பொய்களையாவது பார்த்துவிடலாம் என்ற ஆத்திரம். முதல் பக்கத்தில் பெயர், வயது, மணநாள். இரண்டாம் பக்கத்தில் கண் நின்றுவிட்டது.

'மனைவி பூமிக்குத் திரும்புவதற்காகவே மணமுறிவு கேட்கிறார் என நம்புகிறேன். நிர்வாக அலுவலகத்தில் விசாரித்தேன். கணவர் இசைவுக் கடிதம் கொடுத்தால் மணமானவரும் தனியே போகலாம் என்ற விதி இருக்கிறது. கடிதத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். கப்பல் புறப்படுவதற்கு நூறு நாளுக்கு முன்பே அவர் அதைப் பதிவு செய்தால் போதும். அதற்கு மேலும் அவர் மணமுறிவையே விரும்பினால், நான் குறுக்கே நிற்க மாட்டேன்.'

கடிதம் இருந்தது. கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. கப்பலுக்கு இன்னும் இருபது நாள்.

அவள் எழுந்து திரையை விலக்கினாள். திருமாறன் சுரங்கத்துக் காலுறையை உதறிக்கொண்டிருந்தான்.

"இதை ஏன் என்கிட்ட வாயால சொல்லல?"

"எழுதிக் குடுத்திருந்தேனே. படிச்சுப் புரிஞ்சுதுன்னு அன்னிக்குச் சாயங்காலமே எனக்குத் தகவல் வந்துச்சு." அவன் காலுறையைக் கீழே வைத்தான். "படிச்சும் நீ ஒண்ணும் கேக்கல. அப்ப பூமி ஒரு சாக்கு, என்னை விட்டுப் போறதுதான் வேணும்னு நினைச்சேன். நான் என்ன தப்புப் பண்ணேன்னுதான் நீ எழுதினதைத் திரும்பத் திரும்பப் பார்த்துட்டிருந்தேன்."

 குயிலியின் காதுக்குப் பின்னால் இப்போது மெய்யுணரி இல்லை, எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம்.  அதற்குப் பதிலாக அவன் பக்கத்துத் தரையில் உட்கார்ந்து, மூன்றாம் பக்கத்தைத் திறந்து, வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினாள்.