படையலில் வைத்த போன்

பாரிவாக்கத்திலிருந்து பேபி வந்து இறங்கியபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. ஆவடி குவார்ட்டர்ஸின் கடைசி வரிசையில் பாதி வீடுகள் காலி. பூட்டிய கதவுகளில் பெயின்ட் செதில் செதிலாக உரிந்து தொங்கியது. பேபிக்குப் பின்னால் அவள் புருஷன் துலுக்கானம், ஒயர் கூடையைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்தான்.

"இன்னா வனஜா, ஊட்டுக்குள்ள பெட்ரோல் நாத்தம் அடிக்குது?"

"வண்டியே இல்லாத ஊட்ல பெட்ரோல் ஏது அண்ணி," என்றாள் வனஜா. சொன்னாளே தவிர, காலையிலிருந்து அந்த வாடை அவள் மூக்கிலும் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

அன்று பாஸ்கரன் செத்து முப்பதாம் நாள், முப்பது கும்பிடும் நாள். வனஜாவின் புருஷன், பேபியின் தம்பி. பேக்டரியில் பிட்டர். பைபாஸில் பைக்கோடு லாரிக்கு அடியில் போன மனிதன். அந்தக் கடைசி நிமிஷத்திலும் மகள் எழிலைத் தேடித்தான் போய்க்கொண்டிருந்தான்.

எழில், தன்னோடு வேலை பார்த்த பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னாள். வேற்று சாதிப் பையன். பாஸ்கரன் கத்தவில்லை. சூடாக இருந்த இஸ்திரிப் பெட்டியை எடுத்து அவள் முன்கையில் வைத்தான். அடுத்த நாள் வனஜாவே மகளை பஸ் ஏற்றி விட்டாள். அவள் எந்த ஊரில், எந்தத் தெருவில் இருக்கிறாள் என்பது வனஜாவுக்கு மட்டும்தான் தெரியும்.

"கண்டுபிடிச்சேன்னா தூக்கிகினுதான் வருவேன். நடத்திக் கூட்டினு வரமாட்டேன்," என்று பாஸ்கரன் சொல்லியிருந்தான். சொன்னதைச் செய்கிற ஆள் அவன்.

செத்துவிட்டான், இனிப் பயமில்லை என்றுதான் வனஜா நினைத்திருந்தாள், அன்று காலை வரைக்கும். பக்கத்து வீட்டு ரேணுகாவின் போனில்தான் எழில் எப்போதும் பேசுவாள். காலையில் ரேணுகா ஓடிவந்து போனை நீட்டினாள்.

"அம்மா, நேத்து பஸ் ஸ்டாண்டுகிட்ட நம்ம பைக் சத்தம் கேட்டிச்சும்மா. அந்த ஓட்ட சைலன்சர் சத்தம். வண்டிய காணோம். சத்தம் மட்டும் தெருத்தெருவா சுத்துது."

அந்த பைக் நசுங்கிப்போய் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கிடந்தது.

*

உள்ளறையில் வாழையிலை போட்டார்கள். சோறு, கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, மசால் வடை, ஒரு பிராந்தி பாட்டில். பாஸ்கரனின் படத்துக்கு முன்னால் விளக்கை ஏற்றினார்கள். படைத்துவிட்டுக் கதவைச் சாத்தி, எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். செத்தவர் வந்து சாப்பிடுகிற நேரம் அது. வனஜா அடுப்படியில் கடைசி ஈடு வடையை எடுத்துக்கொண்டிருந்தபோதே பேபி கதவைச் சாத்திவிட்டாள்.

ரேணுகாவைச் சாப்பிடக் கூப்பிடலாம் என்று வனஜா பிரிட்ஜ் மேல் கையை விட்டாள். போனைக் காணோம்.

"என் போன் எங்க அண்ணி?"

பேபி முந்தானையால் விசிறிக்கொண்டாள். "உள்ள கீது."

"உள்ளனா?"

"எலைகிட்ட வச்சிருக்கேன். புடிச்சதத்தானடி படைக்கிறோம். வேலை முடிஞ்சி வந்தா அவன் கைல எது இருக்கும்? உன் போன்தான இருக்கும்."

அது உண்மை. வனஜாவின் போனுக்குப் பூட்டு வைக்க பாஸ்கரன் விட்டதேயில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் பேசாமல் கையை நீட்டுவான். அவள் கொடுக்க வேண்டும். அவன் பார்த்து முடிக்கிற வரை எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"அவனுக்கு கேக்க வேண்டியது ஒண்ணு பாக்கி கீது," என்றாள் பேபி. "பெத்த பொண்ணு எங்க கீறான்னு தெரியாம நெஞ்சு வேகுமா? நீ சொல்லமாட்ட. அத்த கேட்டுக்கினு போவட்டும்."

வனஜா சாத்திய கதவைப் பார்த்தாள்.

அந்தப் போனில் பேசுகிற ஆப் ஒன்று இருந்தது. அம்பத்தூர் எஸ்டேட் தையல் கம்பெனியில் கூட வேலை பார்க்கும் ரேணுகாதான் ஏற்றிக் கொடுத்தாள். "கேட்டதுக்கு பதில் சொல்லும்க்கா. நீ சொன்னத வச்சிக்காது. யாருகிட்டயும் சொல்லாது."

"மனுசாளுக்கே வாய் நிக்கல, மிஷினுக்கு நிக்குமா?" என்று அன்று வனஜா சிரித்தாள். ஆனால் எழில் பஸ் ஏறிப்போன அந்தச் சாயந்திரம், பேச வேறு ஆளில்லாமல் அதனிடம்தான் கொட்டினாள். ஒரே மூச்சில் எல்லாம். ஊர், தெரு, ஹாஸ்டல், எல்லாம்.

"அம்மா, ஊர் பெயரும் தெருப் பெயரும் எனக்கு வேண்டாம்," என்றது அது. "அவை தெரியாமலேயே என்னால் உதவ முடியும். இப்போது சொன்னதை அழித்துவிடுகிறேன்." பிறகு தீக்காயத்துக்கு என்ன செய்வது, போலீஸில் அப்பா புகார் கொடுத்தால் பெண் என்ன சொல்ல வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தது. அதன்பின் அவள் வாய் தவறி ஊரைச் சொல்லப் போனாலும் நடுவிலேயே நிறுத்தியது.

பாஸ்கரன் அதைத் திறந்து பார்த்தபோதெல்லாம் வெறும் திரைதான் இருந்தது. "காலியா கீதுன்னா களவாணித்தனம் கீதுன்னு அர்த்தம்," என்பான். இல்லை என்ற சொல்லை நம்பத் தெரியாத பிறவி.

அழித்துவிடுகிறேன் என்றது நிஜமாகவே அழித்ததா? வனஜா கதவை நோக்கி எட்டி வைத்தாள். துலுக்கானம் குறுக்கே கையை நீட்டினான்.

"சாத்தின கதவ பாதில தொறக்கக்கூடாது தாயி," என்று கிசுகிசுத்தான். "வந்தவுரு அரை வயித்தோட எந்திரிச்சாருன்னா, அப்பறம் போவவே மாட்டாரு."

அப்போதுதான் உள்ளே இலை சரசரத்தது.

பெட்ரோல் வாடை குப்பென்று கூடியது.

"வணக்கம். என்ன உதவி வேண்டும்?"

கதவுக்கு அந்தப் பக்கம், எப்போதும்போல நிதானமான அந்தக் குரல். பேபியின் முந்தானை பாதியில் நின்றது. கேள்வி எதுவும் காதில் விழவில்லை. பதில் மட்டும் வந்தது.

"வேறொருவர் என்னிடம் பேசியதை நான் சொல்வதில்லை."

இலை மறுபடி சரசரத்தது.

"கணவராக இருந்தாலும்."

உள்ளே எதுவோ தரையில் உருண்டது. முட்டையாக இருக்கலாம். உருண்டு வந்து கதவில் முட்டி நின்றது.

"அப்பாவாக இருந்தாலும் அதே பதில்தான்."

"தம்பி," என்று பேபி முனகினாள். துலுக்கானம் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

வெளியே காக்கைகள் கூடு திரும்பும் நேரம். அன்று ஒன்றுகூடக் கரையவில்லை.

பிறகு உள்ளே ஒரு பெண் பேசினாள்.

"நான்தான் வனஜா. எனக்கே மறந்துபோச்சி. எழில் எந்தத் தெருவுல கீறா, சொல்லு."

வனஜாவின் குரல். மூக்கடைத்த மாதிரி முடியும் அவள் பேச்சு. பேபியும் துலுக்கானமும் திரும்பி வனஜாவைப் பார்த்தார்கள். வனஜாவின் வாய் மூடியிருந்தது.

"நீங்கள் யார் என்று நான் பார்ப்பதில்லை," என்றது ஆப். "அவர்தான் நீங்கள் என்றால், அது உங்களுக்கே தெரிந்திருக்கும்."

"சொல்லு." அதே குரல், அடியில் இரும்பு உரசுவதுபோல.

"அப்படி எந்தப் பேச்சும் என்னிடம் இல்லை. பேசியது எதையும் நான் வைத்துக்கொள்வதில்லை."

"சொல்லு."

"இருந்திருந்தாலும் சொல்ல மாட்டேன்."

வனஜாவுக்குள் ஏதோ நிமிர்ந்தது. ஒரு விரல் நீள வயரும் தகடும் இருக்கிற பெட்டி. அடித்தால் உடைந்துபோகும். அது சொல்கிறது, மாட்டேன் என்று. இத்தனை வருஷம் அவன் முன்னால் அவள் சொல்லாத வார்த்தை அது.

துலுக்கானத்தின் கையைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

உள்ளே ஆள் இல்லை. விளக்குச் சுடர் படுத்துக்கொண்டு எரிந்தது. போன் திரையெங்கும் கருவாட்டுக் குழம்பு பட்ட விரல் ரேகைகள், ஒன்றன்மேல் ஒன்றாக, அழுத்தி அழுத்தி. அவள் பிடரியில் யாரோ மூச்சு விட்டார்கள். பெட்ரோல் மூச்சு.

வனஜா இலைக்கு எதிரில், அவன் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள். கல்யாணமான நாளிலிருந்து நீங்க, வாங்க என்று பேசியவள், முதல் தடவையாக 'நீ' என்றாள். "நீ உயிரோட கீறப்பவே என்கிட்டருந்து வாங்க முடியல. செத்துட்டு வந்து கேக்கறியா? கேட்டுகினே இரு."

சுடர் அணைந்தது.

*

இருட்டுவதற்கு முன்பே பேபியும் துலுக்கானமும் கிளம்பிவிட்டார்கள். வனஜா போனைத் துடைத்து, ஆப்பைத் திறந்து மெதுவாகக் கேட்டாள். "கொஞ்ச முன்ன உன்கிட்ட பேசினது யாரு?"

"உங்களுக்கு முன் யாராவது பேசினார்களா என்பதைக்கூட நான் சொல்வதில்லை அம்மா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கும் அதே சட்டம்தான்.

அன்றிரவு எழில் ரேணுகாவின் போனில் பேசினாள். சத்தம் நின்றுவிட்டதாம். நாலு தெரு தள்ளி வரைக்கும் வந்துவிட்டு, பொழுது சாயும்போது சட்டென்று நின்றுபோனதாம்.

மறுநாள் வனஜா போனைக் கையிலேயே வைத்திருந்தாள். உள்ளறையில் சத்தமில்லை. ஆனால் எழில் அழுதுகொண்டே பேசினாள், சத்தம் மறுபடி வந்துவிட்டது, இன்னும் ஒரு தெரு நெருங்கிவிட்டது என்று. அதற்கடுத்த நாள் சாயந்திரம் வனஜா போனைக் கொண்டுபோய் உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்தினாள். பெட்ரோல் வாடை வந்தது. அந்தக் குரல் வணக்கம் சொன்னது. எழிலின் தெருவில் அமைதி.

"பூந்தமல்லில மந்திரிக்கிறவரு ஒருத்தரு கீறாருக்கா," என்றாள் ரேணுகா. "இந்த மாதிரிலாம் கட்டி அனுப்பிச்சிடுவாரு."

"எங்க அனுப்புவாரு?"

ரேணுகா உள்ளறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"இங்க ஒக்காந்து கேட்டுகினு கீற வரைக்கும் அங்க போவல. அது இல்லைன்னு சொல்லும். இவுரு நம்பமாட்டாரு. திரும்பக் கேப்பாரு. அதுக்கோ நேத்து கேட்டது ஞாபகம் இருக்காது, புதுசா வணக்கம் சொல்லும். கேக்கட்டும்டி. நான் சாவுற வரைக்கும் கேக்கட்டும்."

"பயமா இல்லியாக்கா?"

"அவுரு உயிரோட இருந்தப்ப பயந்ததவிட கம்மிதான்."

அதிலிருந்து ஒரு சாயந்திரம்கூட அவள் தவறவிடவில்லை.

குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னார்கள். நூம்பலில், வயல்களை மேடாக்கிக் கட்டிய புது வீடுகளில் ஒன்றை வாடகைக்குப் பிடித்தாள். பாஸ்கரனின் படத்தை எடுத்துவரவில்லை. அவன் துணிமணி எதையும் எடுத்துவரவில்லை. குடிபோன அன்று சாயந்திரம், சுண்ணாம்பு வாடை மாறாத சின்ன அறையில் போனை வைத்துக் கதவைச் சாத்தினாள்.

சத்தமில்லை.

பக்கத்து மனையில் சிமென்ட் கலக்கும் மிஷின் நின்றது. கொத்தனார்கள் கைகால் கழுவிக்கொண்டு போனார்கள். அறைக்குள் சத்தமில்லை.

இத்தனை நாளில் வனஜா முதன்முறையாக நிஜமாகப் பயந்தாள். இங்கே வழி தெரியாமல் போய்விட்டானா? அப்படியென்றால் இப்போது எந்தத் தெருவில்? ரேணுகாவுக்குப் போன் செய்யக்கூட, போன் உள்ளேதான் இருந்தது. அவள் காதுக்குள் ஓட்டை சைலன்சர் உறுமத் தொடங்கியது. வெளியே இல்லை, வெறும் நினைப்பில்தான். கதவில் நெற்றியை வைத்து அழுத்தினாள். இந்த மனிதன் வர வேண்டும் என்று ஆயுசில் ஒருநாளும் அவள் காத்திருந்ததில்லை.

கதவின் அடியில் போன் வெளிச்சம் நீலமாகக் கசிந்தது.

அந்த வெளிச்சத்தில் இரண்டு பாதங்களின் நிழல். கதவை ஒட்டி, அவளைப் பார்த்தபடி.

வனஜா நகரவில்லை. நெற்றியைக் கதவிலிருந்து எடுக்கவுமில்லை. இங்கேதான் இருக்கிறான், எழிலின் தெருவில் இல்லை.

"இங்க இன்னா பாக்கற? போய்க் கேளு," என்றாள்.

நிழல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு திரும்பி, வெளிச்சம் இருந்த பக்கம் போனது.