சரக்காகிய சுடலைமுத்து

செங்காட்டில் பொழுது விடிந்ததும் வீட்டுக் கதவு முதலில் தும்மச் சொல்லும். தும்மலை நுகர்ந்து பார்த்து, கிருமி இல்லையென்றால் நன்றி சொல்லும். திறக்காது. செவ்வாயின் அந்தக் குவிமாட நகரத்தில் துருக்காய்ச்சல் பரவிய நாளிலிருந்து இதுதான் நடைமுறை. இசக்கியம்மாள் அன்றும் தும்மினாள், நன்றி பெற்றுக்கொண்டாள், தம்பியின் வக்கீலை அழைத்தாள்.

தம்பி சுடலைமுத்து செய்த குற்றம், ஊரடங்கில் வெளியே வந்து, மூச்சுத் திணறிய பக்கத்து வீட்டுக்காரருக்குப் பிராணவாயுக் குடுவை கொடுத்தது. விசாரணைக் கைதி. நால்வருக்கான அறையில் பத்துப் பேர். இருமல் ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. ஜாமீன் மனுதான் இன்னும் வெளியே நின்றது.

ஓர் அறையில் நான்கு மனிதருக்கு மேல் கூடாதென்று சுகாதாரத் துறை உத்தரவு போட்டிருப்பதாக வக்கீல் புஷ்பவனம் சொன்னார். சிறையை நிர்வகிக்கும் எந்திரம் அதை உடனே நிறைவேற்றிவிட்டதாம். புது அறை கட்டவில்லை, யாரையும் விடவுமில்லை. ஆறு பேருடைய மணிக்கட்டு அடையாள மின்சில்லில் ‘மனிதர்’ என்றிருந்ததை ‘சரக்கு’ என்று மாற்றியது. சரக்குக்குக் காய்ச்சல் வராது. துறைக்கும் பரம திருப்தி. ஆறில் ஒருவன் சுடலைமுத்து.

“அப்ப ஜாமீனு?”

“சரக்குக்கு ஜாமீன் கேக்கச் சட்டத்துல எடமில்லம்மா.”

இசக்கியம்மாள் அழவில்லை. அழுகையெல்லாம் எப்போதோ நின்றுவிட்டிருந்தது. சரக்கு அலுவலகத்தின் புகார் எண்ணை அழைத்து, தன் சரக்கு ஒன்று தவறான இடத்தில் கிடக்கிறது என்றாள். எதிர்முனைக் குரல் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டது.

சாயங்காலமே விநியோக எந்திரன் ஒன்று சுடலைமுத்துவை வாசலில் கொண்டுவந்து இறக்கியது. ஊரடங்கு மனிதருக்குத்தான், சரக்குக்கு எல்லாத் தடுப்பிலும் வழிவிட்டார்களாம். கதவுகூட அவனைத் தும்மச் சொல்லாமல் திறந்தது. எந்தப் பக்கம் மேல் என்று காட்ட அவன் மார்பில் ஓர் அம்புக்குறி ஒட்டியிருந்தது.

எந்திரன் அவனைத் திருப்பிச் சரிபார்த்தது. முதுகில் லத்தித் தழும்புகளைக் கண்டதும், இந்தச் சேதம் யாரால் ஏற்பட்டது என்று கேட்டது. பதில் வருவதற்குள் விசாரணைக்கும் ஆணையிட்டது. நீதிமன்றம் உட்பட யாரும் அதுவரை கேட்டிராத கேள்வி.

சிறை அறையில் மனிதராகவே நீடித்த நால்வரையும், சில்லை மாற்றிய அன்று, மற்ற ஆறு பேரும் கைகுலுக்கி வாழ்த்தியிருந்தார்கள். அந்த நால்வரில் இருவர் காய்ச்சலில் அங்கேயே செத்துப்போனார்கள்.

பிறகு காய்ச்சல் ஓய்ந்தது. கதவுகள் திறந்தன. சரக்கானவர்கள் மறுபடி மனிதராகிக்கொள்ளலாம் என்று அரசு பெருந்தன்மையோடு அறிவித்தது. ஆனால், மனிதரானால் பழைய வழக்கும் உயிர்பெறும். பழைய அறைக்கே திரும்ப வேண்டும்.

“என்னல செய்யப்போற?” என்றாள் இசக்கியம்மாள்.

“நான் இப்பிடியே கெடக்கேன்க்கா. மனுசனா இருந்தப்ப அடிச்சாவ. சரக்கா ஆனப்புறந்தான் யாரு அடிச்சான்னு கேட்டாவ.”

அவளுக்கு அது நியாயமாகப் பட்டது. மறுநாள் தானும் பதிவு அலுவலகத்துக்குப் போனாள். மனிதராகும் சாளரத்தில் ஈ காக்கை இல்லை. சரக்காகும் சாளரத்தில் ஊரே நின்றது. தன்னை மூட்டைகளோடு சேர்த்துப் பதிந்துவிடக் கூடாது, தங்கள் குடும்பம் பரம்பரையாகவே பத்திரமாகக் கையாள வேண்டிய உடையும் சரக்கு என்று ஒருவர் அதிகாரிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். சரக்கு என்ற வகை பிறந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அதிகாரி மரியாதையாகத் தலையாட்டினார்.

இசக்கியம்மாளுக்கு முன்னால் நின்றவர் திரும்பி, மெல்லிய குரலில் விசாரித்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எந்த வகைம்மா?”

“எந்தம்பி சேதமான சரக்கு. நானும் அதேதான்.”

அதனாலென்ன, எல்லாரும் சரக்குதானே என்றார் அவர். சிரித்தார். பிறகு தன் சட்டை அவள்மேல் படாதபடி கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.